இறங்கி வந்தால் விருது, ஏறி வந்தால் கல்

சினிமாப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது. அதுவரை கவர்ச்சியாக ஆடிப்பாடிக்கொண்டிருந்த நட்சத்திரம் ஒருவர் திடீரென்று அழுக்குச் சேலையோ கிழிந்த வேட்டியோ கட்டி, எண்ணெய் காணாத பரட்டைத் தலையோடு ஒரு படத்தில் வந்துவிட்டால் போதும், அந்த ஸ்டாம்பை எடுத்துக் குத்திவிடுவார்கள். 'கனமான பாத்திரம்.' 'மேக்கப் இல்லாமல் நடித்த துணிச்சல்.' 'நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்.' வருசத்துக்கு நாலு படத்துக்காவது இந்த முத்திரை விழுகிறது. நம்ம தோழர்களும் இதையே வாங்கித் தங்கள் விமரிசனங்களில் ஒட்டிக்கொள்கிறார்கள். இதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 'மேக்கப் இல்லாமல்.' இது சுத்தப் பொய். மணிக்கணக்காக உட்கார வைத்து மேக்கப் போட்டுத்தான் அவர்களைக் கறுப்பாக்குகிறார்கள். 2013இல் வந்த 'பரதேசி' படத்தில் கதாநாயகி வேதிகாவுக்கு அப்பியிருந்த கறுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துக்கு விற்கப்பட்ட சனங்களின் கதை, நல்ல கதை. ஆனா அந்தக் கறுப்பு யாருடைய தோலிலிருந்தும் வரவில்லை, டப்பாவிலிருந்து வந்தது. கறுப்புத் தோலோடு பிறந்த பெண்கள் கோடம்பாக்கத்தில் குரூப் டான்ஸில் கடைசி வரிசையில் நிற்க, சிவப்புத் தோலை வரவழைத்துக் கறுப்புப் பூசுகிறார்கள். பூசிய கறுப்புக்குப் பெயர் கலை. பிறந்த கறுப்புக்குப் பெயர் 'கேமராவுக்கு எடுக்காது.'

அடுத்தது 'வாழ்ந்திருக்கிறார்.' எங்கம்மா அறுபது வருசமா அதே சேலையில அதே வெயில்ல வாழ்ந்துகிட்டு இருக்கா. அவளைப் பார்த்து எவனும் 'அடேயப்பா, என்னமா வாழ்ந்திருக்கா' என்று சொன்னதில்லை. நாற்பது நாள் கால்ஷீட்டில் அதை வாழ்ந்துவிட்டு கேரவனுக்குள் போய்க் கழுவிக்கொள்கிறவருக்குத்தான் அந்தப் பாராட்டு. நடிகர்களின் உழைப்பை நான் மறுக்கவில்லை. நடிப்பும் ஒரு வேலைதான், வேலை செய்கிறவனை இளக்காரம் பேசுவது நம்ம புத்தியில்லை. என் கேள்வி வேறு. கனம் என்பதை எங்கிருந்து எடுக்கிறார்கள்? எடுத்தவர்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்?

*

இது நேற்று தொடங்கிய கதையல்ல. 1936இல் பம்பாய் டாக்கீஸ் 'அச்சுத் கன்யா' என்ற இந்திப் படத்தை எடுத்தது. ஃபிரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மானியர் இயக்கினார். தீண்டப்படாத பெண் கஸ்தூரியாக நடித்தவர் தேவிகா ராணி. தாகூர் குடும்பத்து உறவு, லண்டனில் படித்தவர், மூன்று வருசத்துக்கு முன்னால் 'கர்மா' படத்தில் கணவர் ஹிமான்சு ராயோடு நீண்ட முத்தக் காட்சியில் நடித்துப் பேசப்பட்டவர். அன்றைய இந்தியாவின் உச்சபட்சக் கவர்ச்சி நட்சத்திரம். அவர் ரயில்வே கேட் காவல்காரனின் மகளாக இறங்கி வந்தார். பார்ப்பனப் பையனாக அசோக் குமார். காதல் உண்டு, கல்யாணம் இல்லை. கடைசியில் கஸ்தூரி ரயிலில் அடிபட்டுச் சாகிறாள். நாடே உருகியது.

அதே 1936. லாகூரில் சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள் தங்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்த்துப் பயந்துபோய், மாநாட்டையே ரத்து செய்தார்கள். அந்தப் பேச்சைத்தான் அவர் மே மாதம் சொந்தச் செலவில் அச்சடித்து வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு.' கணக்கைக் கூட்டிப் பாருங்கள். தீண்டப்படாதவளாக ஒரு சீமாட்டி நடித்தால் கண்ணீர். தீண்டப்படாதவனே எழுந்து தன் பேச்சைப் பேச வந்தால் மேடை கிடையாது. ஒரே வருசம், ஒரே நாடு, ஒரே சீர்திருத்த மனசு.

1958இல் 'டெல்லி கா தக்' படத்தில் நீச்சலுடையில் வந்த நூதன், அடுத்த வருசமே பிமல் ராயின் 'சுஜாதா'வில் பார்ப்பன வீட்டில் வளரும் தீண்டப்படாத பெண்ணாக வந்தார். ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினார். அற்புதமான நடிகை, அதில் சந்தேகமே இல்லை. ஆனா அந்தக் கதையில் சுஜாதாவை வீட்டுக்காரம்மா எப்போது மகளாக ஏற்றுக்கொள்கிறாள்? தன் உயிரைக் காக்க அவள் ரத்தம் கொடுத்த பிறகு. கஸ்தூரி உயிரைக் கொடுத்தாள், சுஜாதா ரத்தத்தைக் கொடுத்தாள். கொடுக்காமல் சும்மா இருந்தால் நம்மை மனுசியாகக் கணக்கெடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

*

இப்போது எதிர்த்திசையில் போன ஒருத்தியைப் பாருங்கள். பி.கே. ரோசி. புலையர் சமூகத்துப் பெண். காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பழகியவர். அகஸ்தீசுவரத்துக்காரர் ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்தில், மலையாளத்தின் முதல் படத்தில், சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது. ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள். ஒரு புலைச்சி நாயர் பெண்ணாக வருவதா என்று சாதிவெறியர்கள் திரையின் மீது கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓடவேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, நடிகை என்ற அடையாளமே இல்லாமல் வாழ்ந்து மறைந்தார். அதன்பிறகு அவர் எந்தப் படத்திலும் இல்லை. அந்த ஒரே படத்தின் சுருளும் இன்று இல்லை.

டேனியல் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுக்கிறது. ரோசியின் பெயரை எடுத்துவர எண்பது தொண்ணூறு வருசம் பிடித்தது. 2019இல் மலையாள சினிமாப் பெண்கள் அமைப்பு அவர் பெயரில் ஒரு திரைப்படக் கழகம் தொடங்கியது. இங்கே நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் கல்லெறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கும் 'இந்த முகம் கதாநாயகிக்குச் சரிப்படாது' என்று தீர்மானிக்கிற நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல் மட்டும்தான் கையில் இல்லை.

'அதான் தோழர் நடிப்பு, ஒருத்தன் இன்னொருத்தன் ஆகிறதுதானே' என்று ஒரு மாணவத் தோழர் என்னிடம் வாதாடினார். நூற்றுக்கு நூறு சரி. தலித் பாத்திரத்தில் தலித்துதான் நடிக்கணும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம்ம பிள்ளைங்க காலம் முழுக்கப் பறையடித்து, பிணம் தூக்கி, அடிவாங்குகிற வேடத்திலேயே பூட்டப்பட்டுப் போவார்கள். சாதி கொடுத்த தொழிலையே சினிமாவும் கொடுக்கும். ஒருத்தர் இன்னொருத்தர் ஆவதுதான் நடிப்பு என்றால், அந்தப் பாதையில் ரெண்டு பக்கமும் ஆள் நடக்கவேண்டும். மேலேயிருந்து கீழே வந்தால் கலை, கீழேயிருந்து மேலே போனால் கலகம் என்றால், அது நடிப்புக்கான இலக்கணமா, ஊர்த்தெருவுக்கான இலக்கணமா? அந்த இலக்கணத்தை நாம் பிறந்த நாளிலிருந்து படித்துவருகிறோம். டீக்கடையிலும் இதே பாடம்தான்.

*

'கவர்ச்சி' என்ற சொல்லுக்குள்ளேயும் மேல் கீழ் உண்டு. கதாநாயகி நனைந்த சேலையில் ஆடினால் அது 'கிளாமர்.' சில்க் ஸ்மிதா ஆடினால் அது 'கவர்ச்சி ஆட்டம்.' ஏலூர் பக்கத்துக் கிராமத்தில் விஜயலட்சுமியாகப் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, சென்னைக்கு வந்து, ஒரு நடிகைக்கு டச்சப் பெண்ணாக வேலை பார்த்தவர். 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக்கடைப் பெண் சில்க். அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. சாவித்திரி, சுஜாதா, சரிதா மாதிரி குணச்சித்திர நடிகையாக வரவே ஆசைப்பட்டதாக அவரே 1984இல் ஃபிலிம்ஃபேர் பேட்டியில் சொன்னார். 1981இல் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் தியாகராஜனின் மனைவியாக, ஆட்டம் பாட்டமில்லாமல், கண்ணாலேயே பேசிக் காட்டினார். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகும் தமிழ் சினிமா என்ன செய்தது? மறுபடியும் கிளப் டான்ஸுக்கே அனுப்பியது. பல படங்களில் அவர் வாயில் வந்தது வேறொருத்தர் குரல். உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு குரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1996 செப்டம்பர் 23 அன்று சென்னை வீட்டில் இறந்துகிடந்தார். வயது முப்பத்தைந்து.

அப்புறம்தான் வேடிக்கை. 2011 டிசம்பர் 2, சில்க்கின் பிறந்தநாளில் 'தி டர்ட்டி பிக்சர்' என்ற இந்திப் படம் வந்தது. அவர் வாழ்க்கையைத் தழுவியது என்று பேசப்பட்ட படம். 'பரிணீதா' மாதிரிப் படங்களால் குடும்பப்பாங்கு என்று பேரெடுத்திருந்த வித்யா பாலன் அதில் சில்க்காக நடித்தார். அதே ஆட்டம், அதே உடை, அதே உதட்டுக்கடி. தேசிய விருது கிடைத்தது. வித்யா பாலன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, துணிந்து செய்தார், நன்றாகச் செய்தார். ஆனா கேட்கத்தானே வேண்டும்: சில்க் செய்தபோது சதையாகத் தெரிந்தது, சில்க் மாதிரி இன்னொருவர் செய்தபோது எப்படிக் கலையாகத் தெரிந்தது? வேலை ஒன்றுதான். செய்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். மேலே இருப்பவர் வந்து தொட்டால் கவர்ச்சிகூடக் கனமான பாத்திரமாகிவிடும். கீழே இருப்பவர் கனமான பாத்திரத்தையே செய்தாலும் அது கவர்ச்சி நடிகையின் 'விதிவிலக்கு.'

*

நம்ம ஊர்க் கதாநாயகர்கள் பக்கம் வருவோம். 2003இல் விக்ரம் 'தூள்', 'சாமி' என்று ரெண்டு மசாலாப் படங்களில் பட்டையைக் கிளப்பினார். அதே வருசம் தீபாவளிக்குப் பாலாவின் 'பிதாமகன்.' அதில் அவர் சித்தன். சுடுகாட்டில் பிறந்து வெட்டியான் வளர்த்த பிள்ளை. தேசிய விருது வாங்கிய நடிப்பு. தியேட்டரில் நானும் விறைத்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனா ஒன்று. அந்தச் சித்தனுக்குப் பேச்சு கிடையாது. உறுமுகிறான், முறைக்கிறான், கடித்துக் குதறுகிறான். சுடுகாட்டில் வளர்ந்தவன் என்றால் பாதி விலங்கு என்று பொதுப்புத்தி நினைக்கிறதே, அந்தப் படிமத்துக்கு ஒரு மகத்தான நடிகர் தன் உடம்பை முழுசாகக் கொடுத்தார்.

என் தாய்மாமன் எங்கூர்ச் சுடுகாட்டில் பொணம் எரித்தவர். அவரைப்போல வாயாடியை நான் பார்த்ததில்லை. ராத்திரி முழுக்க நெருப்பைக் கிளறிக்கொண்டு ஊர்க்காரன் ஒவ்வொருத்தன் வண்டவாளத்தையும் எடுத்து விடுவார். "உசுரோட இருக்கசொல்ல எட்டி நின்னான்டா, இப்பப் பாரு, எங் கையி படாம அவனால சாம்பலாக்கூட ஆவ முடியல" என்பார். கூலி பேசுவதில் வக்கீல் தோற்றார். எனக்குக் கவிதை அங்கேயிருந்துதான் வந்தது, கல்லூரியிலிருந்து அல்ல. அந்த மாமனைத் திரையில் நான் இன்னும் பார்க்கவில்லை. நட்சத்திரம் எங்க சுடுகாட்டுக்கு வந்தபோது கறுப்பை எடுத்துக்கொண்டது, அழுக்கை எடுத்துக்கொண்டது, கோபத்தையும் எடுத்துக்கொண்டது. பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சில்தான் எங்க அறிவு இருக்கிறது.

இது சினிமாவோடு நிற்கிற விவகாரமும் அல்ல. நான் வேலை பார்க்கும் வங்கியில், 2019இல், கிராமப்புறக் கணக்குகளுக்காக ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள். அன்றைக்கு என் கவுண்டருக்கு முன்னால் நூறுநாள் வேலைக் கூலி எடுக்க இருபது முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். 'கிராமத்துப் பெண்' வேண்டும் என்று வந்தவர்கள் அந்த வரிசையை ஓரமாக நகரச் சொல்லிவிட்டு, டவுனிலிருந்து கூட்டிவந்த மாடல் பெண்ணுக்கு முகத்தில் மாநிறம் பூசி, மூக்குத்தி மாட்டி, சும்மாடு வைத்து என் முன்னால் நிறுத்தினார்கள். என்னையும் எழுப்பிவிட்டு வேறொருவரை என் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வரிசையில் நின்ற ஒரு அம்மா சத்தமாகக் கேட்டது: "ஏம்மா, எங்களாட்டமே இருக்கணும்னா நாங்களே நிக்கக்கூடாதா?" மேலாளர் சிரித்துச் சமாளித்தார். தேசிய விருதுக் குழுவிடம் கேட்கவேண்டிய கேள்வி அது.

*

'நட்சத்திரம் இல்லாமல் படம் ஓடாது, முதலீடு வராது. ரஜினி இல்லாவிட்டால் "கபாலி"யும் "காலா"வும் ஏது?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2016இல் 'கபாலி'யின் தொடக்கத்தில் ரஜினிகாந்த் சிறைக்குள் ஒய்.பி. சத்தியநாராயணாவின் 'மை ஃபாதர் பாலய்யா' புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நட்சத்திரத்தின் வெளிச்சத்தை நம்ம பக்கம் திருப்புவதும் ஒரு அரசியல்தான்.

2024 ஆகஸ்டு 15 அன்று வந்த 'தங்கலான்' இதற்கு நல்ல சோதனை. பா. இரஞ்சித்தின் படம், அதே விக்ரம், அதே மாதிரி உடம்பெல்லாம் கறுப்பு, கோவணம், சடை. அந்த டப்பாக் கறுப்பை இங்கேயும் நான் ஏற்கவில்லை. ஆனா சித்தனுக்கும் தங்கலானுக்கும் நடுவில் இருபது வருசத்து அரசியல் நிற்கிறது. தங்கலான் பேசுகிறான். நிலம் பறிபோனதைப் பேசுகிறான், பாட்டன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறான், வெள்ளைக்காரனிடம் பேரம் பேசுகிறான். பார்வதி நடித்த கங்கம்மாள் புருசனிடம் வாயாடுகிறாள். பெண்கள் முதன்முதலாக ரவிக்கை போட்டுக்கொண்டு குதூகலிக்கிற காட்சியில் சிரிப்பு இருக்கிறது. நம்ம சனங்களுக்குத் திரையில் கிடைக்காத பண்டம் கண்ணீரல்ல, சிரிப்புதான். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலாருக்குப் போய், 2001இல் சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் வெந்தவர்களின் முன்கதை அது. 'பேச்சே புரியல' என்று சில விமரிசகர்கள் சலித்துக்கொண்டார்கள். ஊமையாக இருந்தால் விருது கொடுக்கிறார்கள், வாயைத் திறந்தால் புரியவில்லை என்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2018இல் 'பரியேறும் பெருமாள்.' பரியனின் அப்பாவாக வந்தவர் நெல்லை தங்கராஜ். பெண்வேடம் கட்டி ஆடிய கூத்துக் கலைஞர். அந்த நடுரோட்டில் வேட்டி உருவப்பட்டு ஓடுகிற காட்சியைப் பார்த்துக் கண் நனையாதவர் குறைவு. அவருக்குத் தேசிய விருது வரவில்லை. படம் கொண்டாடப்பட்ட பிறகும் அவர் வறுமையில் இருந்ததைப் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் உதவிகள் வந்தன. 2023இல் இறந்துபோனார். நட்சத்திரத்துக்குக் கனமான பாத்திரம் என்பது அடுத்த பட ஒப்பந்தத்துக்கு ஏணி. தங்கராஜுக்கு அது ஒரு நாள் வெளிச்சம். 'வாழ்ந்திருக்கிறார்' என்ற சொல்லை அச்சுக்கோத்த எவரும், அவர் எப்படி வாழ்கிறார் என்று முதலில் போய்ப் பார்க்கவில்லை.

ஆகவே தோழர்களே, கல்லூரியில் படம் திரையிடுகிறபோதும் இதழ்களில் விமரிசனம் எழுதுகிறபோதும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: நட்சத்திரம் இறங்கி வந்த அந்தப் பாத்திரம் வாய் திறந்து பேசுகிறதா, யோசிக்கிறதா, சிரிக்கிறதா, அல்லது அடிவாங்கவும் ரத்தம் கொடுக்கவும் மட்டும் வந்திருக்கிறதா? இரண்டு: அந்தத் தெருவிலிருந்தே வந்த எத்தனை பேர் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பெயரோடும் வசனத்தோடும் சம்பளத்தோடும் நிற்கிறார்கள்? மூன்று: அப்படி வந்தவருக்கு அடுத்த படத்தில் வேறு வேடம் கிடைத்ததா? நீதிபதியாக, காதலியாக, கோமாளியாக, ஒன்றுக்கும் உதவாத பணக்காரப் பிள்ளையாக நடிக்க யாராவது கூப்பிட்டார்களா?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். நம்ம பெண்ணொருத்தி கறுப்புப் பூசாமல், வெள்ளையும் பூசாமல், தன் தோலோடு ஒரு நாயர் வீட்டுச் சரோஜினியாகத் திரையில் வந்து, பார்க்கிறவன் அவள் நடிப்பை மட்டும் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற நாள் வரவேண்டும். அதுவரைக்கும் இந்த 'வாழ்ந்திருக்கிறார்' முத்திரையை நம்ம இதழ்களிலாவது குத்தாமல் இருப்போம். மறுப்பு இருக்கிறவர்கள் எழுதுங்கள், சண்டை போடலாம்.